சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் முதல் யூனிட்டுக்கு எக்ஸ்பைஸ்-17: எதைக் காட்டும், எதைக் காட்டாது

இன்புட்டைப் பாதியாக்கி அதோடு 1 வோல்ட் கூட்டித் தரும் ஒரு சிஸ்டம். அது லீனியரா (இன்புட் எத்தனை மடங்கானாலும் அவுட்புட்டும் அத்தனை மடங்காகும், இன்புட்டுகளைக் கூட்டினால் அவுட்புட்டுகளும் கூடும்), இல்லையா? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் மூன்றாம் செமஸ்டரில் வரும் இசி3354 (சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்) பாடத்தின் முதல் யூனிட்டே இந்த வகைப்பாடுதான். வரைபடம் நேர்கோடாக வருவதைப் பார்த்து 'லீனியர்' என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும், கணினியோடு இணைத்து அலைகளைத் தரவும் அளக்கவும் உதவும் ஒரு எக்ஸ்பைஸ்-17 பெட்டியும் இருந்தால், இந்தக் கேள்விக்குப் பத்து நிமிடத்தில் கண்ணெதிரே பதில் கிடைக்கும்.

பெட்டியில் அலை தரும் டபிள்யூஜி முனையிலிருந்து ஒரு 10 கிலோ ஓம், டிசி வோல்டேஜ் தரும் பிவி1 முனையிலிருந்து இன்னொரு 10 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில், வோல்டேஜ் அளக்கும் முனையான ஏ2. டபிள்யூஜியில் நேரடியாக இன்னொரு அளவு முனையான ஏ1. பிவி1-ஐ 2 வோல்ட்டில் நிறுத்திவிட்டு, சைன் அலையை 1 வோல்ட் உச்சத்தில் கொடுத்தால் ஏ2-வில் உச்சம் 1.5 வோல்ட். இன்புட்டை 3 வோல்ட் ஆக்கினால், லீனியர் என்றால் 4.5 வோல்ட் வர வேண்டும். திரையில் வருவதோ 2.5 வோல்ட். இன்புட் மூன்று மடங்கானபோது அவுட்புட் மூன்று மடங்காகவில்லை. விஷயம் முடிந்தது.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. இப்போது பிவி1-ஐயும் ஓர் இன்புட்டாகக் கணக்கில் எடுங்கள். சைன் மட்டும் இருக்கும்போது வந்ததையும், 2 வோல்ட் டிசி மட்டும் இருக்கும்போது வந்ததையும் கூட்டினால், இரண்டும் சேர்ந்திருக்கும்போது வந்த அலை அப்படியே வரும். சர்க்யூட்டில் ஒரு கம்பியைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் இப்போது அது லீனியர். எது இன்புட், எது அவுட்புட் என்று தீர்மானித்த பிறகே வகைப்பாட்டைப் பேச முடியும். பாடப்புத்தகச் சமன்பாட்டில் கண்ணில் படாமல் நழுவும் இந்தப் பாயின்ட் இங்கே கையில் மாட்டுகிறது. முதல் யூனிட்டுக்காக இந்தப் பெட்டியைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்தச் சோதனையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. 'சைன் மட்டும்' பார்க்க வேண்டும் என்று பிவி1 கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கினால், வோல்டேஜைப் பாதியாக்கும் டிவைடரே இல்லாமல் போய், ஏ2-வில் பாதிக்குப் பதில் ஏறக்குறைய முழு அலையும் வரும். சூப்பர்பொசிஷன் (தனித்தனி விளைவுகளின் கூட்டல்) பொய் என்று தோன்றும். பிவி1-ஐப் பிடுங்காமல் 0 வோல்ட்டில் வைக்க வேண்டும். இன்புட்டைப் பூஜ்யமாக்குவது வேறு, இணைப்பை எடுப்பது வேறு.

பெட்டியைப் பற்றி: டெல்லியில் உள்ள இன்டர் யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் 2004-ல் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டத்தின் படைப்பு இது. உள்ளங்கை அளவு, யுஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஏ1, ஏ2 இரண்டும் கூட்டல் கழித்தல் 16 வோல்ட் வரை அளக்கும். ஏ3 கூட்டல் கழித்தல் 3.3 வோல்ட். சாம்ப்ளிங் நொடிக்கு அதிகபட்சம் 10 லட்சம், ஒரு சானலுக்கு 12 பிட். டபிள்யூஜி சைன், முக்கோண அலைகளை 5 ஹெர்ட்ஸ் முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை 3 வோல்ட், 1 வோல்ட், 80 மில்லிவோல்ட் என மூன்று உச்சங்களில் தரும். சதுர அலைக்கு எஸ்க்யூ1, டிசிக்கு பிவி1, பிவி2, ஒரே ஒரு படி ஏற்றி இறக்க ஓடி1, கெப்பாசிட்டர் அளக்க ஐஎன்1, கூடவே ஒரு மைக். மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்டது. சர்க்யூட், மென்பொருள் இரண்டும் திறந்த உரிமத்தில் உள்ளன.

மென்பொருளில் அலையைக் காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் எக்ஸ்-ஒய் வரைவு என்று ஒரு வசதி உண்டு. கிடையில் ஏ1, நெடுக்கில் ஏ2. வகைப்பாட்டைக் கற்பிக்க இதைவிட நல்ல கருவி இந்தப் பெட்டியில் இல்லை. பலரும் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம். டபிள்யூஜியில் 3 வோல்ட் சைன், இரண்டு 10 கிலோ ஓம் டிவைடர், நடுவில் ஏ2: சாய்ந்த நேர்கோடு. அவுட்புட் அந்த நொடியின் இன்புட்டை மட்டும் சார்ந்தது, எனவே மெமரி இல்லை; கூடவே லீனியர். டிவைடரை எடுத்துவிட்டு 1என்4148 டயோடும் அதன்பின் கிரவுண்டுக்கு 1 கிலோ ஓமும் போட்டால், கோடு அரை வோல்ட்டைத் தாண்டும்வரை தரையோடு படுத்திருந்து, பிறகு வளைந்து மேலேறும். அலை ஏறும்போதும் இறங்கும்போதும் அதே பாதைதான். ஓர் இன்புட் மதிப்புக்கு ஒரே ஓர் அவுட்புட் மதிப்பு. எனவே மெமரி இல்லை. கோடு வளைகிறது, எனவே லீனியர் இல்லை.

இனி 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஆர்சி சர்க்யூட். 159 ஹெர்ட்ஸ் கொடுங்கள். கோடு பிளந்து நீள்வட்டமாகும். இன்புட் 0 வோல்ட்டாக இருக்கும் நொடியில் அவுட்புட்டுக்கு இரண்டு மதிப்புகள்: அலை மேலே போய்க்கொண்டிருந்ததா, கீழே வந்துகொண்டிருந்ததா என்பதைப் பொறுத்து. இதுதான் மெமரி. அந்த நீள்வட்டத்தின் வயிறுதான் கெப்பாசிட்டர் வைத்திருக்கும் பழைய நினைவு. அதிர்வெண்ணை 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் வயிறு ஒட்டிப்போய் ஏறக்குறைய நேர்கோடாகும். மெமரி உள்ள சிஸ்டமே மெதுவான சிக்னலுக்கு மெமரி இல்லாததுபோல் நடந்துகொள்கிறது. தலைகீழாகவும் பார்க்கலாம்: 1என்4148-ஐ எடுத்துவிட்டு 1என்4007 போட்டு 5 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால், 50 ஹெர்ட்ஸில் ஒற்றைக் கோடாக இருந்த வளைவு மெல்லப் பிரியத் தொடங்கும். மெயின்ஸ் அதிர்வெண்ணுக்கென்றே செய்யப்பட்ட டயோடு அது. ஜங்ஷனில் தேங்கிய சார்ஜ் வெளியேற நேரம் எடுக்கும்.

ஆர்சிக்கு 10 கிலோ ஓம் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டைம் கான்ஸ்டன்ட் (ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கி வருவது, சர்க்யூட் எவ்வளவு மெதுவாக மாறும் என்பதன் அளவு) 1 மில்லிசெகண்ட் வேண்டுமென்றால் 1 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டாலும் சரிதானே என்று தோன்றும். ஆனால் இதே ஆர்சிக்கு எஸ்க்யூ1-இன் சதுர அலையையும் கொடுக்கப்போகிறோம்; எஸ்க்யூ1-க்குள் 100 ஓம் தொடரில் உட்கார்ந்திருக்கிறது. 1 கிலோ ஓம் போட்டால் டைம் கான்ஸ்டன்ட் 10 சதவீதம் கூடும். போதாததற்கு முனையிலேயே அலை 4.55 வோல்ட்டில் தொடங்கி 5-க்கு ஊர்ந்து ஏறும். சதுர அலை கோணலாக வருகிறதே, பெட்டி பழுதோ என்று சந்தேகம் வரும். மறுபக்கம் 100 கிலோ ஓமுக்குப் போனால் ஏ2-வின் 1 மெகா ஓம் உள் ரெசிஸ்டன்ஸ் குறுக்கே வரும்: 5 வோல்ட்டுக்குப் பதில் 4.55 வோல்ட்டில் நின்றுவிடும், டைம் கான்ஸ்டன்ட் 9 சதவீதம் குறையும். 10 கிலோ ஓமில் இரண்டு பிழையும் ஒரு சதவீத அளவுக்குள் அடங்கும்.

இதே ஆர்சியில் இம்பல்ஸையும் (கண நேரத் துடிப்பு) காட்டிவிடலாம். 'அகலம் பூஜ்யம், உயரம் முடிவிலி, பரப்பு ஒன்று' என்று கரும்பலகையில் எழுதினால் யாருக்கும் ஒட்டாது. எஸ்க்யூ1-ஐ 100 ஹெர்ட்ஸில் வைத்து டியூட்டி சைக்கிளை (ஒரு சுற்றில் அலை மேலே இருக்கும் பங்கு) 1 சதவீதமாக்குங்கள். 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை 100 மைக்ரோசெகண்ட் துடிப்பு ஒன்று வரும். அடுத்தது வருவதற்குள் கெப்பாசிட்டர் முழுதும் வடிந்துவிடும். உச்சம் சுமார் 0.47 வோல்ட். டியூட்டி 2 சதவீதம்: 0.90 வோல்ட், ஏறத்தாழ இரண்டு மடங்கு. பின்னால் வடியும் வாலின் வடிவம் மாறவில்லை. அதாவது சிஸ்டம் துடிப்பின் வடிவத்தைப் பார்க்கவில்லை, பரப்பை மட்டும் பார்க்கிறது. 5 சதவீதத்துக்குப் போனால் உச்சம் 1.95 வோல்ட்தான், ஐந்து மடங்குக்கு பதில் நான்கு மடங்குக்குச் சற்று மேல். துடிப்பு இப்போது டைம் கான்ஸ்டன்ட்டில் பாதி அகலம். இனி அது இம்பல்ஸ் அல்ல. எதை இம்பல்ஸ் என்று சொல்லலாம் என்பதைத் தீர்மானிப்பது சிஸ்டத்தின் வேகம்தான்.

மொத்த எனர்ஜி ஓர் எண்ணில் அடங்கினால் எனர்ஜி சிக்னல்; எனர்ஜி கூடிக்கொண்டே போனாலும் சராசரி பவர் நிலைத்தால் பவர் சிக்னல். இந்த வேறுபாட்டுக்கு இரண்டு பதிவுகள் போதும். ஓடி1-ஐ 5-லிருந்து 0-க்கு இறக்கி ஆர்சி வடிவதை 10 மைக்ரோசெகண்ட் இடைவெளியில் 1000 சாம்பிள் எடுங்கள். அதாவது 10 மில்லிசெகண்ட். ஒவ்வொரு மதிப்பையும் வர்க்கமாக்கி, இடைவெளியால் பெருக்கிக் கூட்டினால் 0.0125-க்கு அருகில் வரும். பதிவை 20 மில்லிசெகண்டாக நீட்டினாலும் அதே எண்தான். 3 வோல்ட் சைனுக்கு இதையே செய்தால், நேரம் இரட்டிப்பாகும்போது கூட்டுத்தொகையும் இரட்டிப்பாகும். நேரத்தால் வகுத்தால் மட்டும் 4.5-ல் நிலைத்து நிற்கும். ஒரு எச்சரிக்கை: ஏ2-வில் 20 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருந்தால் வடிதலின் எனர்ஜியில் 1.6 சதவீதப் பிழை ஏறும். முதலில் ஏ2-வைக் கிரவுண்டில் கொடுத்து ஒரு பதிவு எடுத்து, அதன் சராசரியைக் கழித்துவிட்டே வர்க்கமாக்க வேண்டும்.

சாம்ப்ளிங்கில் இந்தப் பெட்டியின் குறையே ஒரு வசதியாகிறது. சாம்ப்ளிங் வேகத்தைக் குறைத்தாலும் அதற்கேற்ப முன்னால் எந்த ஃபில்டரும் வந்து உட்காராது. அதனால் அலியாசிங்கை (சாம்பிள் போதாமல் வேகமான அலை மெதுவானதாகத் தெரிவது) மறைவில்லாமல் பார்க்கலாம்: டபிள்யூஜியில் 1900 ஹெர்ட்ஸ், சாம்பிள் இடைவெளி 500 மைக்ரோசெகண்ட், 100 சாம்பிள். திரையில் 1900 ஹெர்ட்ஸின் சுவடே இருக்காது. 100 ஹெர்ட்ஸில் ஐந்து அழகான சுற்றுகள் ஓடும். டபிள்யூஜியால் எல்லா அதிர்வெண்ணையும் துல்லியமாகத் தர முடியாது, கேட்டதற்கு மிக அருகில் உள்ளதைத்தான் தரும். எனவே 100-க்குப் பதில் ஓரிரு ஹெர்ட்ஸ் தள்ளி வந்தால் குழம்ப வேண்டாம். மென்பொருள் காட்டும் உண்மையான அதிர்வெண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். திரை புள்ளிகளைக் கோட்டால் இணைத்துக் காட்டுவது மட்டும் பெரிய இடைஞ்சல். டிஸ்கிரீட் டைம் சிக்னலுக்கு இரண்டு சாம்பிளுக்கு நடுவே மதிப்பே கிடையாது என்று சொல்லிவிட்டு இந்தக் கோட்டைக் காட்ட முடியாது. தரவைக் கோப்பாகச் சேமித்து, பைத்தானில் தனித்தனிப் புள்ளிகளாக வரைந்தே காட்ட வேண்டும்.

டிஸ்கிரீட் டைம் வேறு, டிஜிட்டல் வேறு என்பதையும் இங்கே பிரித்துக் காட்டலாம். டபிள்யூஜியை 80 மில்லிவோல்ட்டில் வைத்து ஏ1-ஐ 16 வோல்ட் ரேஞ்சில் போடுங்கள். 32 வோல்ட்டை 4096-ஆல் வகுத்தால் ஒரு படி ஏறக்குறைய 7.8 மில்லிவோல்ட். மேலிருந்து கீழ்வரை 160 மில்லிவோல்ட் உள்ள அலைக்கு இருபது படிகள்தான் கிடைக்கும். சைன் அலை மாடிப்படியாகத் தெரியும். ரேஞ்சை 1 வோல்ட் ஆக்கினால் படிகள் மறைந்துவிடும். நேரத்தை வெட்டுவது சாம்ப்ளிங், உயரத்தை வெட்டுவது குவான்டைசேஷன்.

சிக்னல் பீரியாடிக்கா (அதே வடிவம் சீராகத் திரும்ப வருமா) இல்லையா என்பதற்குக் கருவியிடம் இறுதித் தீர்ப்பைக் கேட்கக் கூடாது. இரண்டு அதிர்வெண்களின் விகிதம் விகிதமுறா எண் என்று எந்த அளவையாலும் நிரூபிக்க முடியாது. அது காகிதத்தில் உள்ள மாடலுக்கான கேள்வி. டிஸ்கிரீட் பக்கம் மட்டும் ஒன்று செய்யலாம்: 1000 ஹெர்ட்ஸை 70 மைக்ரோசெகண்ட் இடைவெளியில் எடுத்தால், சாம்பிள் வரிசை 100 சாம்பிளுக்கு ஒரு முறைதான் திரும்ப வரும்; அதற்குள் சைன் ஏழு முறை சுற்றியிருக்கும். அசல் அலையின் பீரியடும் சாம்பிள் வரிசையின் பீரியடும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே போதும். டிடர்மினிஸ்டிக் (முன்கூட்டியே கணிக்கக்கூடியது), ரேண்டம் (கணிக்க முடியாதது) வேறுபாட்டுக்கு மைக்கை ஆன் செய்து மின்விசிறி இரைச்சலை ஐந்து முறை பதியுங்கள். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது, ஆனால் ஆர்எம்எஸ் (அலையின் சராசரி வலிமை) மதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ட்ரிகர் (பதிவை அலையின் ஒரே இடத்திலிருந்து தொடங்கவைக்கும் வசதி) போடாமல் எடுத்த சைனும் ஒவ்வொரு முறை வேறு இடத்தில் தொடங்கும். அதை ரேண்டம் என்று எண்ணிவிடக் கூடாது.

டைம் வேரியன்ட் (நேரத்தோடு நடத்தை மாறும்) சிஸ்டத்துக்கு, வெளிச்சத்தில் ரெசிஸ்டன்ஸ் குறையும் ஓர் எல்டிஆர். டபிள்யூஜியிலிருந்து 10 கிலோ ஓம், பிறகு எல்டிஆர் வழியாகக் கிரவுண்ட், நடுவில் ஏ2. கையால் நிழல் கொடுத்தால் அவுட்புட் உயரும், எடுத்தால் குறையும். இப்போது கொடுத்த இன்புட்டையே ஒரு நொடி கழித்துக் கொடுத்தால் வேறு அவுட்புட். ஆனால் நிழலை அசையாமல் வைத்து 1 வோல்ட், 3 வோல்ட் சோதனை செய்தால் மூன்று மடங்கு சரியாக வரும். லீனியர் என்றால் டைம் இன்வேரியன்ட்டும் சேர்ந்தே வரும் என்று எண்ணுபவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் செய்தால் 100 ஹெர்ட்ஸ் சிலிர்ப்பும் லேசாகக் கலந்து வரும்; மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ், வெளிச்சம் ஒரு சுற்றில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது.

காஸலிட்டிக்கு (வரப்போகும் இன்புட்டைச் சாராமல் இருப்பது) இந்தப் பெட்டியால் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பெட்டியாலும் முடியாது. நாளைய இன்புட்டைக் கேட்கும் சர்க்யூட் கிடையாது. சேமித்த பதிவின்மேல் பைத்தானில் மூன்று புள்ளிச் சராசரி எடுக்கலாம்: இப்போதையது, முந்தையது, அடுத்தது என்று எடுத்தால், படி வருவதற்கு ஒரு சாம்பிள் முன்னாலேயே அவுட்புட் ஏறத் தொடங்கும். அவ்வளவுதான்.

ஸ்டெபிலிட்டிக்கு (பவுண்டட், அதாவது எல்லைக்குள் அடங்கிய இன்புட்டுக்கு அவுட்புட்டும் அடங்கி இருப்பது) டிஎல்081 போன்ற ஆப்-ஆம்ப் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியே கூட்டல் கழித்தல் 6 வோல்ட் சப்ளை தருகிறது. 10 மில்லிஆம்பியர் அளவுதான், ஓர் ஆப்-ஆம்புக்கு அது போதும். 100 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டு இன்டக்ரேட்டர் (இன்புட்டை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகும் சர்க்யூட்) கட்டி, பிவி1-ல் 0.1 வோல்ட் கொடுங்கள். அவுட்புட் நொடிக்கு 1 வோல்ட் வீதம் கீழே இறங்கிக்கொண்டே போய் நாலரை வோல்ட் பக்கத்தில் முட்டி நிற்கும். பவுண்டட் இன்புட் கொடுத்தும் அவுட்புட் அடங்கவில்லை, மாடல்படி அன்ஸ்டேபிள். முட்டி நின்றதை வைத்து 'அவுட்புட்டும் பவுண்டட்தானே' என்று எழுதக் கூடாது. அங்கே நிற்கவைத்தது சப்ளை; அந்த இடத்தில் சிஸ்டம் லீனியர் என்ற தகுதியையும் இழந்துவிட்டது. கெப்பாசிட்டருக்கு இணையாக 1 மெகா ஓம் போட்டால், அதே 0.1 வோல்ட்டுக்கு அவுட்புட் மைனஸ் 1 வோல்ட்டை நோக்கி ஒரு நொடி டைம் கான்ஸ்டன்ட்டில் போய் நின்றுவிடும். இந்தச் சோதனைக்கு ஸ்கோப் திரை ஒத்துவராது, வேகம் மிக அதிகம். டேட்டா லாகரைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கெப்பாசிட்டரின் இரு காலையும் ஒரு கம்பியால் தொட்டு வடித்துவிட்டே தொடங்குங்கள். பழைய சார்ஜ் மிச்சமிருந்தால் லீனியாரிட்டி சோதனையும் தப்பாகும்.

குறைகளும் உண்டு. கிரவுண்ட் எல்லா முனைக்கும் பொது, அதுவும் கணினியோடு ஒட்டியது. ஒரு ரெசிஸ்டரின் இரு முனைக்கு இடையே நேரடியாக அளக்க முடியாது, ஏ1-லிருந்து ஏ2-ஐக் கழித்தே பார்க்க வேண்டும். மெயின்ஸுக்குப் பக்கத்தில்கூட இதைக் கொண்டுபோகக் கூடாது. டபிள்யூஜியும் இன்னொரு சதுர அலை முனையான எஸ்க்யூ2-வும் ஒரே நேரத்தில் வேலை செய்யா. எதிலும் இணைக்காத ஏ1-ல் 50 ஹெர்ட்ஸ் அலை மிதக்கும். அது பழுதல்ல, கம்பி வாங்கும் இரைச்சல். 'டிவைஸ் கிடைக்கவில்லை' என்று வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறையச் சுற்றுகின்றன. லினக்ஸில் சீரியல் போர்ட் அனுமதி இல்லாவிட்டாலும் இதே செய்திதான் வரும்.

மாற்று என்ன? டிஎஸ்ஓ138 என்ற சிறிய ஆசிலோஸ்கோப் கிட் மலிவு, ஆனால் ஒரே சானல். எக்ஸ்-ஒய் கிடையாது, சைன் தரும் ஜெனரேட்டரும் கிடையாது. கணினியின் சவுண்ட் கார்டு இலவசம், ஆனால் அதன் இன்புட் டிசியைத் தடுத்துவிடும். படி கொடுத்தால் சரிந்து பூஜ்யத்துக்கு வரும், மேலே சொன்ன சோதனைகளில் பாதி விழுந்துவிடும். ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருளில் எல்லாவற்றையும் சிமுலேட் செய்யலாம், கணக்குப் பழக அது அவசியம்தான். ஆனால் அதில் 1 மெகா ஓம் லோடு வராது, முட்டி நிற்கும் ஆப்-ஆம்ப் வராது, பிடுங்கிய பிவி1 வராது. மாடலுக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளி தெரியாமல் வகைப்பாட்டை மனப்பாடம்தான் செய்ய முடியும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது: டபிள்யூஜியை ஏ1, ஏ2 இரண்டிலும் கொடுத்து 1000 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒரே உச்சம் காட்டுகின்றனவா என்று பாருங்கள். பிவி1-ஐ ஏ1-ல் கொடுத்து மைனஸ் 5, 0, பிளஸ் 5 வோல்ட் மூன்றையும் ஒரு மல்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். எஸ்க்யூ1-ஐ ஐஎன்2-ல் கொடுத்து அதிர்வெண்ணைச் சரிபாருங்கள். கையில் உள்ள 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களை ஐஎன்1-ல் அளந்து, வந்த மதிப்பை ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுங்கள். அச்சிட்ட மதிப்புக்கும் உண்மைக்கும் 10, 20 சதவீத வித்தியாசம் இருப்பது சகஜம். ஆஃப்செட்டையும் குறித்து பில்லோடு சேர்த்து வையுங்கள். அடுத்த செமஸ்டரில் எனர்ஜிக் கணக்கு ஒத்துவராதபோது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் அதுதான்.